சறுக்குமரத்துக்கு அடியில் என்ன இருக்கிறது? பழைய டயர் ரப்பர் தரை போட நினைக்கும் பள்ளிகளுக்கு

சறுக்குமரம் வாங்கும்போது எல்லாரும் சறுக்குமரத்தைத்தான் பார்க்கிறோம். என்ன நிறம், எவ்வளவு உயரம், துருப்பிடிக்குமா, எத்தனை பிள்ளைகள் ஏறலாம் என்றெல்லாம் கேட்கிறோம், அதற்கு அடியில் என்ன இருக்கப்போகிறது என்று மட்டும் கேட்பதில்லை. எங்கள் ஊர்ப் பள்ளியிலும் அப்படித்தான் ஆனது. நன்கொடையில் வந்த சறுக்குமரம் அசையக்கூடாது என்று சுற்றிலும் கான்கிரீட் போட்டு நிறுத்தினோம். சில மாதங்களில் இரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி மேல்படியில் கால் தவறி விழுந்தாள், மணிக்கட்டு எலும்பு முறிந்தது. தலையில் அடிபடவில்லை என்பது ஒன்றுதான் ஆறுதல். அதற்கப்புறம்தான் பள்ளி மேலாண்மைக் குழுவில் இருந்த நாங்கள் நாலைந்து பேர் உட்கார்ந்து தரையைப் பற்றிப் படிக்கவும் விசாரிக்கவும் ஆரம்பித்தோம். இந்த வேலையை முதல்முறையாகக் கையில் எடுக்கும் தலைமையாசிரியர்களும் பெற்றோரும் நாங்கள் சுற்றிய அதே சுற்றைச் சுற்ற வேண்டாம் என்பதற்காக, தெரிந்துகொண்டதை எல்லாம் இங்கே எழுதுகிறேன்.

ரப்பர் தரை பிள்ளை விழுவதைத் தடுக்காது. விழுந்த தலை எவ்வளவு சட்டென்று நிற்கிறது என்பதைத்தான் அது மாற்றுகிறது. கான்கிரீட்டில் விழுந்தால் தரை துளிகூட உள்வாங்காது, வந்த வேகம் அத்தனையும் அந்த நொடியிலேயே மண்டையில் இறங்கிவிடும். ரப்பர் கொஞ்சம் அமுங்கிக் கொடுக்கிறது, அந்தக் கொஞ்சத்தில்தான் உயிர் இருக்கிறது. அமுங்க இடம் வேண்டுமென்றால் கனம் வேண்டும். ஆகவே நிறத்தையும் டிசைனையும் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம், முதலில் பேச வேண்டியது கனம்.

முதல் வேலை: டேப் எடுத்து அளந்து பாருங்கள்

கடைக்காரரைக் கூப்பிடுவதற்கு முன்பே ஒரு நோட்டும் டேப்பும் எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போய்விடுங்கள். ஒவ்வொரு விளையாட்டுச் சாதனத்திலும் பிள்ளை எந்த உயரத்திலிருந்து விழக்கூடும் என்று அளந்து குறிக்க வேண்டும். சறுக்குமரத்துக்கு மேலே உட்காரும் தட்டிலிருந்து தரை வரை. ஊஞ்சலுக்கு, பலர் நினைப்பதுபோல் உட்காரும் பலகையிலிருந்து அல்ல, சங்கிலி மாட்டியிருக்கும் மேல் கம்பியிலிருந்து தரை வரை. வேகமாக ஆடும்போது பிள்ளை அந்த உயரத்துக்குப் போய்விடுகிறது. தொங்கி ஏறும் கம்பிகளுக்கு உச்சிக் கம்பியிலிருந்து. சீசாவுக்கு, ஒரு முனை எவ்வளவு மேலே எழும்புகிறதோ அந்த உயரம்.

இந்த உயரத்துக்கும் தரைக்கும் உள்ள பொருத்தத்தைச் சோதிக்க ஒரு முறை இருக்கிறது. தலைக்குப் பதிலாக 4.6 கிலோ எடையுள்ள ஓர் அரைக்கோளத்தை, உள்ளே அளவுக்கருவி வைத்து, வெவ்வேறு உயரத்திலிருந்து தரையில் போடுவார்கள். அதிர்ச்சியின் உச்சம் புவியீர்ப்பைப் போல 200 மடங்கைத் தாண்டக்கூடாது, தலைக்காயக் குறியீடு என்று கணக்கிடும் எண் 1000-ஐத் தாண்டக்கூடாது. இந்த இரண்டுக்கும் உள்ளே நிற்கும் அதிகபட்ச உயரம்தான் அந்தத் தரை தாங்கும் விழும் உயரம். அமெரிக்காவின் ஏஎஸ்டிஎம் எஃப்1292, ஐரோப்பாவின் ஈஎன் 1177 ஆகிய இரண்டு தரங்களும் இதைத்தான் சொல்கின்றன, நம் ஊர் விற்பனையாளர்களின் சான்றிதழ்களிலும் இந்தப் பெயர்களைத்தான் பார்ப்பீர்கள். சான்றிதழில் எழுதியிருக்கும் உயரம் உங்கள் நோட்டில் இருக்கும் உயரத்தைவிடக் குறைவாக இருந்தால் அந்தத் தரை உங்களுக்கு உதவாது, அவ்வளவுதான். ஐரோப்பியத் தரப்படி எந்தச் சாதனத்திலும் விழும் உயரம் 3 மீட்டரைத் தாண்டவே கூடாது. அதற்கு மேல் இருந்தால் தரையைப் பற்றி யோசிக்காமல் சாதனத்தை மாற்றுங்கள்.

அடுத்து பரப்பு. அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் பொது விளையாட்டுத் திடல்களுக்கு ஒரு கையேடு வைத்திருக்கிறது. அதன்படி சாதனத்தைச் சுற்றி எல்லாப் பக்கமும் 6 அடி, அதாவது சுமார் 1.8 மீட்டர், மெத்தென்ற தரை இருக்க வேண்டும். ஊஞ்சலுக்கு மட்டும் கணக்கு வேறு: மேல் கம்பியின் உயரத்தைப் போல இரண்டு மடங்கு முன்னாலும், அதே அளவு பின்னாலும். கம்பி 2.4 மீட்டர் உயரத்தில் இருந்தால் முன்னே 4.8, பின்னே 4.8, மொத்தம் 9.6 மீட்டர் நீளம். பெரும்பாலான பள்ளிகளில் ஊஞ்சலுக்கு அடியில் ஒரு சின்னச் சதுரம் மட்டும் போட்டு நிறுத்திவிடுகிறார்கள், ஆனால் பிள்ளை ஊஞ்சலிலிருந்து எகிறி விழுவது அந்தச் சதுரத்துக்கு வெளியேதான்.

சறுக்குமரத்துக்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். அது தரையில் 3 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம் இடம் பிடிக்கிறது என்று வையுங்கள். நாலு பக்கமும் 1.8 சேர்த்தால் 6.6 நீளம், 4.6 அகலம். பெருக்கினால் 30 சதுர மீட்டருக்குக் கொஞ்சம் மேல், ஏறக்குறைய 327 சதுர அடி. ஒரே ஒரு சாதனத்துக்கு இவ்வளவு. அதனால்தான் மைதானம் முழுக்க ரப்பர் போடலாம் என்று யாராவது சொன்னால் நான் வேண்டாம் என்பேன். காசு ஒரு காரணம். அதைவிட, பிள்ளைகள் ஓடவும் கபடி, கோகோ ஆடவும் மண் தரைதான் நல்லது. ஏறி விழும் இடத்துக்கு மட்டும் ரப்பர் போதும்.

மணலா, ரப்பரா?

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எல்லாப் பள்ளிக்கும் ரப்பர் தேவையில்லை. அதே அமெரிக்கக் கையேட்டின் அட்டவணைப்படி 9 அங்குல ஆழத்துக்கு மணல் இருந்தால் 4 அடி உயரம் வரை தாங்கும். உதிரி டயர் துண்டுகள் 6 அங்குலம் இருந்தாலே 10 அடி வரை தாங்கும். அங்கன்வாடியிலும் ஒன்றாம் வகுப்பிலும் இருக்கும் குட்டிச் சறுக்குமரம் பெரும்பாலும் 4 அடிக்கு உட்பட்டதுதான். கையில் காசு இல்லையென்றால் சுற்றிலும் வரம்பு கட்டி நல்ல மணலைக் கொட்டுங்கள், பிள்ளைகளை வெறும் கான்கிரீட்டில் விட்டுவிட்டு ரப்பருக்காக இரண்டு வருடம் காத்திருக்க வேண்டாம். ஆனால் மணல் மிதிபட்டு இறுகும், கால்வாசியாவது அமுங்கிவிடும், ஆகவே 9 அங்குலம் வேண்டுமென்றால் 12 அங்குலம் கொட்ட வேண்டும். அடிக்கடி கிளறிவிட வேண்டும். பூனையும் நாயும் அசிங்கம் செய்யாமல் பார்க்க வேண்டும், இராத்திரி மூடி வைத்தால் இன்னும் நல்லது. மழையில் ஓடிவிடும். சக்கர நாற்காலி அதில் நகராது.

இந்தக் கடைசிக் காரணம் எனக்கு ரொம்ப முக்கியம். நடக்க முடியாத பிள்ளை ஊஞ்சல் வரை தானாக வந்து சேர வேண்டுமென்றால் தரை ஒரே சீராக இருக்க வேண்டும், அதற்கு ரப்பரைப் போல வேறில்லை.

ரப்பர் என்று முடிவானால் மூன்று வகை இருக்கிறது. உதிரித் துண்டுகளைக் கொட்டுவது முதல் வகை, விலை குறைவு. ஆனால் சின்னப் பிள்ளைகள் வாயில் போடுவார்கள், டயருக்குள் இருக்கும் எஃகுக் கம்பியின் துணுக்குகள் அதில் கலந்து வரலாம், தீப்பிடித்தால் அணைப்பது சிரமம், பெருமழையில் பாதி வாய்க்காலுக்குப் போய்விடும். ஆரம்பப் பள்ளிக்கு நான் இதைச் சொல்லமாட்டேன். இரண்டாவது டைல். டயரை அரைத்த துகளைப் பசையோடு சேர்த்து அழுத்திச் செய்த பலகைகள், உள்ளூர் ஆட்களே ஒட்டிவிடலாம், கெட்டுப்போன ஒன்றை மட்டும் பெயர்த்து மாற்றலாம். சரியாக ஒட்டாவிட்டால் ஓரம் தூக்கிக்கொண்டு கால் தடுக்கும், அதுதான் இதன் குறை. மூன்றாவது, துகளையும் பாலியூரித்தேன் பசையையும் அங்கேயே கலந்து கரணையால் இழைத்துப் போடும் தரை. இணைப்பே இருக்காது, வளைவான இடத்திலும் போடலாம், ஆனால் அனுபவமுள்ள ஆட்கள் வேண்டும், செலவும் கூட.

மூன்றாவது வகையில் ஒரு விவரம் தெரிந்திருக்க வேண்டும். அது இரண்டு அடுக்கு. கீழே இருக்கும் கறுப்பு அடுக்குதான் பழைய டயர், அடியைத் தாங்குவதும் அதுதான். மேலே 10 முதல் 15 மில்லிமீட்டர் வரை போடும் வண்ண அடுக்கு ஈபிடிஎம் என்ற வேறு ரப்பர், அது டயரிலிருந்து வருவதில்லை. வெயிலைத் தாங்கவும் பார்வைக்கு நன்றாக இருக்கவும்தான் அது. கான்கிரீட்டின் மேல் வண்ண அடுக்கை மட்டும் மெலிசாகப் போட்டுவிட்டு ‘பாதுகாப்புத் தரை’ என்று கொடுப்பதும் நடக்கிறது. மேலே நின்று பார்த்தால் வித்தியாசமே தெரியாது.

முழு டயரைப் பாதி புதைத்து வைப்பது, டயரில் ஊஞ்சல் கட்டுவது எல்லாம் வேறு விஷயம். பெங்களூரிலிருந்து இயங்கும் ஆன்ட்ஹில் கிரியேஷன்ஸ் பல ஊர்களில் பழைய டயர்களை வைத்தே அழகான விளையாட்டு இடங்கள் கட்டிக்கொடுத்திருக்கிறது. நீங்களும் செய்யலாம், ஆனால் அது ஏறி விளையாடும் சாதனம், விழுந்தால் தாங்கும் தரை அல்ல. அப்படி வைக்கும் ஒவ்வொரு டயரிலும் தண்ணீர் தேங்காதபடி அடியில் ஓட்டை போடுங்கள். டெங்கு பரப்பும் கொசுவுக்கு டயருக்குள் தேங்கும் ஒரு கை தண்ணீரே போதும்.

‘டயரில் விஷம் இருக்கிறதாமே?’

பெற்றோர் கூட்டத்தில் இந்தக் கேள்வி கட்டாயம் வரும், வர வேண்டும். மழுப்பாமல் பதில் சொல்லுங்கள். டயர் என்றால் இயற்கை ரப்பர், செயற்கை ரப்பர், கார்பன் கறுப்பு, கந்தகம், துத்தநாக ஆக்சைடு, எண்ணெய்கள், எஃகுக் கம்பி, நூலிழை எல்லாம் சேர்ந்தது. கந்தகம் சேர்த்து வேகவைத்த ரப்பரைப் பிளாஸ்டிக் போல மறுபடி உருக்க முடியாது, அதனால்தான் அரைத்துத் துகளாக்கி, காந்தத்தால் கம்பியைப் பிரித்து, காற்றடித்து நூலை நீக்கிப் பயன்படுத்துகிறார்கள். அந்தத் துகளில் பல வளைய நறுமண ஹைட்ரோகார்பன்கள் என்ற சேர்மங்கள் இருக்கின்றன, அவற்றில் சில புற்றுநோய் உண்டாக்கக்கூடியவை. செயற்கைப் புல் மைதானங்களிலும் விளையாட்டுத் திடல்களிலும் உதிரியாகப் போடும் துகளில் இப்படிப்பட்ட எட்டுச் சேர்மங்கள் சேர்ந்து கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் ஆகஸ்ட் 2022 முதல் கட்டுப்பாடு வைத்திருக்கிறது.

அமெரிக்க அரசு அமைப்புகள் 2016-இல் ஒரு பெரிய ஆய்வைத் தொடங்கி 2019-லும் 2024-லும் இரண்டு பகுதியாக வெளியிட்டன. துகளுக்குள் இரசாயனங்கள் இருப்பது உண்மை, ஆனால் காற்றிலும் உடலிலும் வந்து சேரும் அளவு குறைவாகவே தெரிகிறது என்பது அதன் சாரம். அது செயற்கைப் புல் மைதானங்களைப் பற்றியது, ஆபத்தின் முழு மதிப்பீடும் அல்ல என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள். இன்னொன்று, டயர் கெடாமல் இருக்கச் சேர்க்கும் 6பிபிடி என்ற பொருள் ஓசோனோடு சேர்ந்து மாறி, மழைநீரில் கரைந்து போய் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநில ஓடைகளில் கோஹோ சால்மன் மீன்களைக் கொன்றது 2020-இல் தெரியவந்தது.

இதையெல்லாம் வைத்து எங்கள் குழு எடுத்த முடிவைச் சொல்கிறேன். உதிரித் துகள் வேண்டாம், பசையில் கட்டுண்ட தரை மட்டும். அதற்கு மேல் டயர் இல்லாத வண்ண அடுக்கு இருக்க வேண்டும், பிள்ளையின் கை படுவது அதன்மேல்தான். ஐரோப்பிய வரம்புக்கு உட்பட்டது என்று ஆய்வக அறிக்கை வேண்டும். தரையில் ஓடும் மழைநீர் ஊர்க் குளத்துக்கு நேராகப் போகக்கூடாது. விளையாடிவிட்டு வந்து கை கழுவாமல் மதிய உணவுத் தட்டைத் தொடக்கூடாது. ரப்பர் பால் ஒவ்வாமை உள்ள பிள்ளை யாராவது இருக்கிறார்களா என்று முன்கூட்டியே பெற்றோரிடம் கேட்டும் வைத்தோம்.

கொட்டேஷன் வாங்கும்போது

குறைந்தது மூன்று பேரிடம் வாங்குங்கள், மூன்று பேரிடமும் ஒரே கேள்விகளைக் கேளுங்கள். ‘சதுர அடி என்ன விலை’ என்று மட்டும் கேட்டால் ஒருவர் 25 மில்லிமீட்டர் கனத்துக்குச் சொல்வார், இன்னொருவர் 60-க்குச் சொல்வார், நீங்கள் குறைந்த விலையைப் பார்த்து ஏமாந்துவிடுவீர்கள். எங்கள் சாதனத்தின் விழும் உயரம் இவ்வளவு, அதற்கு உங்கள் தரை எவ்வளவு கனம் வேண்டும், அந்தக் கனத்துக்கே எடுத்த சோதனைச் சான்றிதழைக் காட்டுங்கள் என்று கேளுங்கள். கருப்பு அடுக்கு எவ்வளவு, வண்ண அடுக்கு எவ்வளவு, பசை எத்தனை சதவீதம் என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள். பசை குறைந்தால் ஒரே வருடத்தில் துகள் உதிரத் தொடங்கும். மேல் அடுக்கில் வெளிர் நீலம், வெளிர் சாம்பல் போன்ற நிறம் வேண்டுமென்றால் பசை எந்த வகை என்றும் கேளுங்கள், அரோமாட்டிக் வகை வெயிலில் மஞ்சளடிக்கும், அலிஃபாட்டிக் வகை அப்படி ஆகாது, விலை கூடுதல்.

துகள் எங்கிருந்து வருகிறது என்பதும் முக்கியம். 2022-இல் வந்த விதிகளின்படி கழிவு டயரை மறுசுழற்சி செய்பவர்கள் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தளத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். அந்தப் பதிவு விவரத்தைக் கேட்டு வாங்குங்கள். ஒரு பை துகளையும் மாதிரிக்கு வாங்கி, ஒரு வெள்ளைத் தாளில் பரப்பி, சாதாரணக் காந்தத்தை மேலே ஓட்டிப் பாருங்கள். கம்பித் துணுக்கு ஒட்டிக்கொண்டு வந்தால் அந்தத் துகள் வேண்டாம்.

பணத்துக்கு அரசுப் பள்ளிகள் ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி’ திட்டம் வழியாகக் கேட்கலாம். நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியைக் கேட்கும்போது சாதனத்துக்கும் தரைக்கும் சேர்த்து ஒரே மதிப்பீடாகக் கொடுங்கள். தனித்தனியாகக் கேட்டால் சாதனம் வந்துவிடும், தரை வராது.

அடித்தளமும் போடும் நாளும்

ரப்பருக்குக் கீழே உறுதியான தளம் வேண்டும், பெரும்பாலும் கான்கிரீட்தான். மீட்டருக்கு 1 முதல் 2 சென்டிமீட்டர் வாட்டம் கொடுக்கச் சொல்லுங்கள், கொத்தனார் ரசமட்டம் வைத்துப் பார்க்கும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். தண்ணீர் தேங்கினால் பசை விட்டுப்போகும், பாசி பிடிக்கும், வழுக்கும். சாதனத்தின் கால்களுக்குப் போட்ட கான்கிரீட் கட்டி ரப்பர் மட்டத்துக்கு மேலே துருத்தக்கூடாது. மரம் இருந்தால் அடிமரத்தைச் சுற்றித் தாராளமாக மண்ணை விட்டுவிடுங்கள்.

தளம் போட்டுத் தண்ணீர் விட்டு ஆற வைத்து, 28 நாள் கழித்து, நன்றாக உலர்ந்த பிறகுதான் ரப்பர். உலர்ந்ததா என்று பார்க்க எளிய வழி: ஒரு பாலித்தீன் தாளை நாலு பக்கமும் டேப் போட்டு தளத்தில் ஒட்டி ஒரு இரவு விடுங்கள். காலையில் அடியில் வியர்த்திருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது.

காலத்தையும் பார்க்க வேண்டும். பாலியூரித்தேன் பசை காற்றின் ஈரத்தை எடுத்துக்கொண்டுதான் இறுகும், ஆனால் மழைத்துளி நேராகப் பட்டால் நுரைத்துப் பொங்கிவிடும். அதனால் ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த வேலையை வைக்காதீர்கள். பொங்கல் முடிந்து மார்ச் வரை நல்ல காலம். கோடை விடுமுறையில் பிள்ளைகள் இல்லாத வசதி இருக்கிறது, ஆனால் கத்திரி வெயிலில் பசை சீக்கிரம் இறுகி இழைக்க நேரம் தராது, விடியற்காலையிலேயே தொடங்கச் சொல்லுங்கள். எதற்கும் ஒரு தார்ப்பாய் கையில் இருக்கட்டும்.

கறுப்பு அடுக்கைப் போடும்போது ஒரு இரும்பு ஸ்கேலை எடுத்துக்கொண்டு போங்கள். இறுகுவதற்குள் பத்து இடத்தில் குத்திப் பாருங்கள், ஓரத்திலும் மூலையிலும் கட்டாயம் பாருங்கள், கனம் அங்கேதான் குறையும். மேலே வண்ண அடுக்கு வந்துவிட்டால் பிறகு எதையும் பார்க்க முடியாது. போட்டோ எடுத்து வையுங்கள். பசையில் இருக்கும் ஐசோசயனேட் மூச்சுக்கு நல்லதல்ல, வேலையாட்கள் கையுறையும் முகக்கவசமும் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள், அன்றைக்குப் பிள்ளைகள் வளாகத்தில் இருக்கக்கூடாது. மிச்சமான துகளையும் டப்பாவையும் மூலையில் போட்டுக் கொளுத்த விடாதீர்கள், டயர் புகை அத்தனை மோசம். இரண்டு மூன்று நாளில் தரை இறுகிவிடும், இருந்தாலும் வாசனை அடங்கும் வரை ஒரு வாரம் கயிறு கட்டி வையுங்கள்.

வெயில்

வெளிநாட்டு வழிகாட்டிகளை வாசித்துவிட்டு நம் ஊரில் அப்படியே செய்தால் தவறிப்போகும் இடம் இதுதான். நேர் வெயிலில் ரப்பர் தரை 60 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சுடும். நம் பிள்ளைகள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் விளையாடுவார்கள், உள்ளங்கால் பொசுங்கிவிடும். வெளிர் நிறம் கொஞ்சம் உதவும். நிழல்தான் உண்மையான வழி. வேம்போ புங்கையோ மேற்குப் பக்கம் நட்டுவிடுங்கள், அது வளரும் வரை நிழல் வலை கட்டுங்கள். தினமும் இடைவேளைக்கு முன்னால் ஒரு ஆசிரியர் புறங்கையை ஐந்து நொடி தரையில் வைத்துப் பார்க்கட்டும், அவரால் வைக்க முடியாவிட்டால் அன்றைக்கு அந்த இடைவேளையில் யாரும் அங்கே போக வேண்டாம்.

பிறகு பராமரிப்பு. எங்களுக்கு முதல் வருடம் தெரியாமல் போனது மண். பிள்ளைகள் காலோடு கொண்டுவரும் மண் துகள்களின் இடுக்கில் இறங்கி அடைத்துக்கொண்டால் ரப்பர் அமுங்கும் தன்மை குறைகிறது. தினமும் பெருக்க வேண்டும், வாரம் ஒருமுறை தண்ணீர் பீய்ச்சிக் கழுவ வேண்டும், தேவைப்பட்டால் கொஞ்சம் சோப்புத்தூள். கறை போக மண்ணெண்ணெயோ தின்னரோ ஊற்றினால் பசை கெட்டுவிடும். ஊஞ்சலுக்கு அடியிலும் சறுக்குமரத்தின் முடிவிலும் கால் தேய்த்துத் தேய்த்து முதலில் பள்ளமாகும். மாதம் ஒருமுறை அந்த இரண்டு இடத்திலும் உள்ளங்கையால் தேய்த்துப் பாருங்கள், கையில் துகள் உதிர்ந்து வந்தால் மேலே ஒரு பூச்சுப் பசை கொடுக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. கீழே கறுப்பு தெரியத் தொடங்கிவிட்டால் பூச்சு போதாது, அந்த இடத்தை வெட்டியெடுத்துப் புதிதாகப் போட வேண்டும். ஒப்பந்தத்தில் இரண்டு வருடப் பழுதுபார்ப்பை எழுதி வாங்கியிருந்தால் இதற்குத் தனியாகக் காசு தேட வேண்டியிருக்காது. எங்கள் பள்ளியில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேர் மாதக் கடைசி வெள்ளிக்கிழமை இதைப் பார்த்து நோட்டில் தேதி போட்டு எழுதுகிறார்கள். அன்றைக்கு விழுந்த பிள்ளை இப்போது அதே ஐந்தாம் வகுப்பில்தான் படிக்கிறாள், இந்த மாதம் நோட்டு அவளிடம் இருக்கிறது.